கறை சிவந்தால் கவலை வேண்டாம்

சட்டையில் சாம்பார் சிந்திய இடத்தில் சோப்பு போட்டதும் கறை திடீரென்று சிவந்துவிடுகிறதா? துணி கெட்டுப்போகவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதனால்தான். சோப்பு போக அலசி, எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால், அமிலம் பட்டு மறுபடி மஞ்சளாகும். அலசி வெயிலில் போடுங்கள், குர்குமின் வெளிச்சத்தில் வெளுக்கும்.

அமிலம் கைகொடுக்கும் இன்னொரு இடம் கெட்டில். அதன் அடியில் படியும் வெள்ளை உப்பு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகர் ஊற்றி ஊறவிட்டால் நுரைத்துக் கரையும்.

ஆனால் பாத்ரூம் ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துவிடாதீர்கள். அதில் கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும். இதை வீட்டுவேலைக்கு வருபவரிடமும் அவசியம் சொல்லிவையுங்கள்.