துறை அணிகளும் கால்பந்துச் சங்கமும்: திருவனந்தபுரம் தரும் பாடம்

நம் இதழில் இலக்கியம், கோயில் வரலாறு, மருத்துவம் என்று பல கட்டுரைகளை அன்பர்கள் எழுதி வருகிறார்கள். கால்பந்தைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க ஒரு சிறு முயற்சி இது. நான் ஆட்டக்காரன் அல்லன். குமரி மாவட்டத்தில் பிறந்து, டிப்ளமா முடித்து, இரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த நாள் முதல் நல்ல ரசிகன். தம்பானூரில் வேலை முடிந்ததும் பாளையத்துச் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். அப்படிப் பார்த்தவற்றையும் படித்தவற்றையும் வைத்து, நம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

துறை அணி என்றால் என்ன?

இன்றைய பிள்ளைகள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கொச்சி அணியைப் பற்றிப் பேசுகிறார்கள். "நம்ம ஊர் அணி எது?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஒரு காலத்தில் இந்த ஊரில் அணிகளுக்குப் பஞ்சமே இல்லை. டைட்டானியம், கே.எஸ்.ஆர்.டி.சி., ஏஜீஸ் ஆபீஸ், போலீஸ், ஸ்டேட் பாங்கு ஆப் திருவாங்கூர் என்று வரிசையாகச் சொல்லலாம். பெயர்களைக் கவனியுங்கள். இவை எல்லாம் அலுவலகங்களின், தொழிற்சாலைகளின் பெயர்கள். இவற்றைத்தான் துறை அணிகள் என்கிறோம்.

இதன் ஏற்பாடு எளிமையானது. நன்றாக ஆடும் இளைஞனுக்கு நிறுவனம் ஒரு வேலை தரும். காலையில் பயிற்சி, மீதி நேரம் மேசை வேலை, போட்டி நாட்களில் விடுப்பு. முப்பது வயதில் கால் தளர்ந்தாலும் சம்பளம் தொடரும், ஓய்வூதியமும் உண்டு. நிறுவனத்துக்குப் பெயர் கிடைக்கும், தொழிலாளர்களுக்கு மாலை நேரத்தில் ஒரு மகிழ்ச்சி கிடைக்கும். எங்கள் இரயில்வேயிலும் இதே முறைதான். இரயில்வே விளையாட்டு வாரியம் 1928இலேயே தொடங்கியது. மாநில அணிகளோடு மோதி இரயில்வே அணி 1961-62, 1964-65, 1966-67 ஆகிய மூன்று முறை சந்தோஷ் கோப்பையை வென்றிருக்கிறது.

இந்த ஊரில் துறை அணிகளுக்குப் பேர் வாங்கித் தந்தவற்றுள் ஒன்று டைட்டானியம். சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்தபோது 1946இல் நிறுவப்பட்ட தொழிற்சாலை அது. கொச்சுவேளி பக்கம் இரயிலில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அதன் அணி கேரளம் முழுவதும் அறிந்த ஒன்று. கொல்லத்து வீரர் நஜிமுதீனை ரசிகர்கள் 'டைட்டானியம் நஜிமுதீன்' என்றே சொல்வார்கள்.

விளையாட்டுக்கு இந்த ஊரில் அடித்தளம் போட்டவர் கர்னல் கோதவர்ம ராஜா, அதாவது ஜி.வி. ராஜா. 1954இல் தொடங்கிய திருவாங்கூர்-கொச்சி விளையாட்டு மன்றம் அவர் முயற்சியால் வந்தது. 1971இல் குலு பள்ளத்தாக்கில் விமான விபத்தில் அவர் காலமானார். அவர் பெயரால் இங்கே கால்பந்துக் கோப்பையும் நடந்தது.

1973: கேரளத்தின் முதல் கோப்பை

துறை அணிகளின் பயன் வெளிப்பட்டது 1973 டிசம்பர் 27ஆம் தேதி. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம். ஒரு பக்கம் கேரளம், மறுபக்கம் எங்கள் இரயில்வே. 3-2 என்ற கணக்கில் கேரளம் வென்றது. மூன்று கோல்களையும் போட்டவர் காப்டன் டி.கே.எஸ். மணி. அவர் ஆலுவா பக்கத்து ஃபாக்ட் உரத் தொழிற்சாலையின் ஆட்டக்காரர். அன்றைய பயிற்சியாளர் சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவுக்காகக் கோல் போட்டவர் அவர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல் இன்றுவரை அதுதான். ஃபாக்ட், பிரீமியர் டயர்ஸ், டைட்டானியம் போன்ற துறை அணிகளில் வளர்ந்தவர்கள் இல்லாமல் அந்தக் கோப்பை வந்திருக்காது.

போலீஸ் அணியின் பொற்காலம்

1984இல் கேரள போலீஸ் தன் கால்பந்து அணியை முறையாக அமைத்தது. அன்றைய டி.ஜி.பி. எம்.கே. ஜோசப் தேடித்தேடி இளைஞர்களைச் சேர்த்தார். வி.பி. சத்யன், சி.வி. பாப்பச்சன், யு. ஷரப் அலி, குரிகேஷ் மாத்யூ, கே.டி. சாக்கோ என்று ஒரு வரிசை. இவர்களோடு திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்த ஐ.எம். விஜயன் என்ற பதினேழு வயதுப் பையனும் வந்தான்.

1990இல் திருச்சூரில் நடந்த பெடரேஷன் கோப்பை இறுதியில் கோவாவின் சல்கோகர் அணியை 2-1 என்று போலீஸ் வென்றது. கேரள அணி ஒன்று அந்தக் கோப்பையைப் பெற்றது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டு கண்ணூரில் மகீந்திரா அணியை 2-0 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. கல்கத்தா, கோவா அணிகளை ஒரு மாநிலத்துக் காவல் துறை அணி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பின்னுக்குத் தள்ளியது சாதாரணச் செய்தி அல்ல. 1992இல் நம் கோயம்புத்தூரில் சத்யன் தலைமையில் கேரளம் கோவாவை வென்று சந்தோஷ் கோப்பையைப் பெற்றதும் இதன் தொடர்ச்சிதான்.

ஆனால் அந்த அணி நீடிக்கவில்லை. 1991இல் விஜயன் மோகன் பகானுக்குப் போனார். சத்யனும் கல்கத்தா அணிகளுக்குச் சென்றார். பெரிய சங்கங்கள் கொடுத்த பணத்தைப் போலீஸ் துறை கொடுக்க முடியாது. அதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை. பிற்காலத்தில் விஜயன் போலீஸுக்கே திரும்பினார். 2025இல் பத்மஸ்ரீ விருதும் பெற்று, அதே ஆண்டு பணி ஓய்வும் பெற்றார். சென்னை இந்தியன் பாங்கில் சேர்ந்த சத்யன் 2006இல் அங்கேயே உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41.

பாங்கு போனது, பெயரும் போனது

போலீஸுக்குப் பிறகு இந்த ஊரின் கொடியைப் பிடித்தது எஸ்.பி.டி. அணி. 1945இல் திருவாங்கூர் பாங்காகத் தொடங்கி, 1960இல் ஸ்டேட் பாங்கின் துணை நிறுவனமானது அது. அதன் அணி தேசிய லீக்கிலும் ஆடியது. 2017 ஏப்ரல் 1ஆம் தேதி எஸ்.பி.டி. ஸ்டேட் பாங்கு ஆப் இந்தியாவோடு இணைக்கப்பட்டது. பாங்குக் கணக்கில் அது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் 'திருவாங்கூர்' என்ற பெயரைச் சட்டையில் தாங்கி ஆடிய அணி அன்றோடு முடிந்தது. வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அந்த முடிவை எடுத்த மேசையில் ரசிகர்களுக்கு நாற்காலி இல்லை. அவர்கள் அணியை நேசித்தார்களே தவிர, அதில் உறுப்பினர்களாக இல்லை.

தனியார் பணம் வந்தால் இந்தக் குறை தீருமா? 1997இல் எஃப்.சி. கொச்சின் தொடங்கியது. கேரளத்தின் முதல் தொழில்முறைச் சங்கம். அதே ஆண்டு மோகன் பகானை 3-1 என்று வென்று டூரண்ட் கோப்பையைப் பெற்றது. ஆனால் பணம் வற்றியதும் சில ஆண்டுகளிலேயே மறைந்துவிட்டது. ஒரே தூணில் நிற்கும் பாலம் எப்படியோ அப்படி. தூண் அரசுத் துறையா, தனியார் முதலாளியா என்பது இரண்டாவது கேள்வி.

லைப்சிக் நகரத்து இரயில் அணி

இதே கதை ஜெர்மனியிலும் நடந்தது. முடிவு மட்டும் வேறு. முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் எல்லா அணிகளும் துறை அணிகளே. பெயரைக் கொண்டே துறையைச் சொல்லிவிடலாம். 'டைனமோ' என்றால் போலீஸ், 'கெமீ' என்றால் இரசாயனத் தொழில், 'ஸ்டால்' என்றால் எஃகு, 'லோக்கோமோட்டிவ்' என்றால் இரயில்வே. நம் ஊர் போலீஸும் டைட்டானியமும் இரயில்வேயும் அங்கே வேறு பெயரில் ஆடியதாக நினைத்துக்கொள்ளலாம்.

லைப்சிக் நகரத்துச் சங்கம் மிகப் பழையது. 1903இல் ஜெர்மனியின் முதல் தேசியப் பட்டத்தை வென்றது அதுதான். 1966இல் அதன் வழிவந்த அணிக்கு லோக்கோமோட்டிவ் என்று பெயர் வந்தது. 1987இல் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போய், ஏதென்ஸில் அயாக்ஸ் அணியிடம் 1-0 என்று தோற்றது. 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபின், அரசு ஆதரவு நின்றது. அணி பழைய பெயருக்கு மாறி, 1993-94இல் முதல் டிவிஷனில் ஒரே ஒரு பருவம் ஆடிக் கடைசி இடம் பிடித்து இறங்கியது. கடன் ஏறி, 2004இல் திவாலாகிக் கலைக்கப்பட்டது.

அதற்கு முன்பே, 2003 டிசம்பரில், ரசிகர்கள் கூடி லோக்கோமோட்டிவ் என்ற பெயரிலேயே புதிய சங்கத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். விதிப்படி அது எல்லாவற்றுக்கும் கீழான பதினோராவது டிவிஷனிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஐரோப்பிய இறுதி ஆட்டம் ஆடிய பெயர், தெரு அணிகளோடு ஆடியது. அப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தைப் பார்க்க 2004 அக்டோபரில் 12,421 பேர் வந்தார்கள்! பின்னர் படிப்படியாக ஏறி, அந்தச் சங்கம் இப்போது நான்காவது டிவிஷனில் ஆடுகிறது. பெரும் பணக்காரர் எவரும் வந்து தூக்கிவிடவில்லை. உறுப்பினர் சந்தாவும் உழைப்பும்தான் பெரும்பங்கு.

இங்கிலாந்தில் உள்ள மான்செஸ்டர் யுனைடெட்டும் இரயில்வே அணியாகப் பிறந்ததே. 1878இல் நியூட்டன் ஹீத் என்ற இடத்தில் இரயில் பெட்டிப் பணிமனைத் தொழிலாளர்கள் தொடங்கினார்கள். 1892இல் இரயில்வே நிறுவனத்திலிருந்து பிரிந்து தனியாக நின்றதால்தான் இன்றுவரை இருக்கிறது.

நமக்கு என்ன?

ஜெர்மனியில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். நம் நாட்டின் 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டமும் ஏழு பேர் என்றே சொல்கிறது. ஆகவே சட்டம் நமக்குத் தடையாக இல்லை. தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் நமக்கு இந்த வேலை புதிதும் அல்ல. சந்தா, ரசீது, ஆண்டுப் பொதுக்கூட்டம், தணிக்கை, தேர்தல் என்று எல்லாம் தெரியும். இதே ஒழுங்கு ஒரு கால்பந்துச் சங்கத்துக்கும் போதும்.

ஆட்டக்காரர்களுக்கும் குறைவில்லை. நெய்யாற்றின்கரை தாலுகாவின் தென்கோடியில் பொழியூர் கடற்கரை. பல சந்தோஷ் கோப்பை வீரர்களைத் தந்த கிராமம். எல்லையைத் தாண்டினால் நம் குமரி மாவட்டத்துத் தூத்தூர், இரவிபுத்தன்துறை. ஐ-லீக்கிலும் ஐ.எஸ்.எல்.லிலும் பேர் வாங்கிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்தான். 1956இல் எல்லைக்கோடு போட்டார்கள். கடற்கரை மணலில் பந்து ஆடும் பையன்களுக்கு அந்தக் கோடு தெரியாது.

இந்தப் பையன்களின் எதிர்காலம்தான் எனக்குக் கவலை. சில மாதங்களுக்கு முன் இங்குள்ள ஒரு தமிழ்க் குடும்பத் தலைவர் என்னிடம், "அண்ணாச்சி, பையன் நல்லா ஆடுறான். ப்ளஸ் டூவோட நிறுத்திட்டு பந்தையே ஆடட்டுமா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில வேலை கிடைச்சிடும்லா?" என்று கேட்டார். நான் சொன்ன பதில்: "கோட்டா இன்னும் இருக்கு தம்பி. ஆனா அந்தக் காலம் மாதிரி வாசல்கள் இல்லை. எஸ்.பி.டி.யே இப்ப இல்லை. அவன் ஆடட்டும், ஆனா படிப்பை நிறுத்த வேண்டாம்." அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. என்றாலும் இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

2024இல் சூப்பர் லீக் கேரளா தொடங்கி, நம் ஊருக்குத் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் என்ற அணி வந்தது. முதல் பருவத்தில் அரையிறுதி வரை போனது. பழைய சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில் மறுபடி விளக்கு எரிந்ததைப் பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது. இதுவும் முதலாளிகளின் பணத்தில் நடப்பதே. அது நிலைக்க வேண்டுமானால் ஊர் மக்கள் பார்வையாளர்களாக மட்டும் இருந்தால் போதாது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, அடுத்த பருவத்தில் குடும்பத்தோடு ஒரு ஆட்டமாவது நேரில் பாருங்கள். பிள்ளைகளுக்கு டைட்டானியத்தையும் போலீஸ் அணியையும் பற்றிச் சொல்லுங்கள். இரண்டு, நம் சங்கத்தில் பன்னிரண்டிலிருந்து பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு கால்பந்துப் பிரிவு தொடங்கலாம். தமிழ்ப் பிள்ளைகளோடு அக்கம்பக்கத்து மலையாளிப் பிள்ளைகளும் சேரட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம், மாதச் சந்தா, தனிக் கணக்குப் புத்தகம், ஆண்டுக்கொரு முறை பெற்றோர் கூட்டம். இவ்வளவு போதும். கணக்கு எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். இன்னும் ஆறு பேர் முன்வந்தால் பதிவு செய்துவிடலாம். விருப்பமுள்ள அன்பர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் செயலாளரிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.