பூரி: திருத்தலமும் கடற்கரை நகரும்

வங்காள விரிகுடாவின் கரையில் அமைந்துள்ள ஒடிசா மாநிலத்துப் பூரி நகருக்கு இரு வகை மக்கள் வருகின்றனர். ஜகந்நாதரைத் தொழ வருவோர் ஒரு வகையினர்; கடற்காற்றை நாடி வருவோர் மற்றொரு வகையினர். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி சுமார் 2 லட்சம் பேர் வாழும் இந்நகரம், தேர்த் திருவிழாவின்போது அதைப்போலப் பன்மடங்கு மக்களைத் தாங்க வேண்டியுள்ளது. இத்தனை பேருக்கும் நீரும் இடமும் துப்புரவும் அளிப்பது எவ்வாறு என்பதே பூரியின் நீண்டகாலப் பிரச்சினையாகும்.

வரலாறு

இன்றுள்ள ஜகந்நாதர் ஆலயத்தை எழுப்பும் பணி 12 ஆம் நூற்றாண்டில் கீழைக் கங்க மன்னன் அனந்தவர்மன் சோழகங்கனால் தொடங்கப்பட்டது. இவன் சோழ இளவரசி ஒருத்தியின் மகன் என்பது தமிழர் அறியத்தக்கது. 1803 இல் ஒடிசாவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், யாத்திரிகர்களிடம் வரி வசூலித்தனர். இவ்வரி 1840 இல் நீக்கப்பட்டது.

அக்காலத்தில் மக்கள் வாரக்கணக்கில் நடந்தே பூரியை அடைந்தனர். நெரிசல் மிகுந்த தங்குமிடங்களில் காலரா அடிக்கடி பரவியது. 1897 இல் இருப்புப்பாதை வந்ததும் நிலைமை மாறியது. பயணம் எளிதாயிற்று; கல்கத்தாவின் நடுத்தர வகுப்பினர் விடுமுறைக்கு வரத் தொடங்கினர். பெங்கால் நாகபுரி ரயில்வே கம்பெனியே இங்கு ஒரு விடுதியை நடத்தியது. இவ்வாறு திருத்தலம் கடற்கரை ஓய்வு நகரமாகவும் வளர்ந்தது.

காணத்தக்கவை

ஆஷாட மாதத் தேர்த் திருவிழா பூரியின் தலையாய சிறப்பு. மூன்று தேர்களும் ஆண்டுதோறும் புதிய மரத்தால் செய்யப்படுகின்றன. அவற்றின் சக்கரங்கள் மொத்தம் 42. தச்சர், கொல்லர், ஓவியர், தையற்காரர் எனப் பல கைவினைஞருக்கு இத்திருவிழா வேலையளிக்கிறது. அருகிலுள்ள ரகுராஜ்பூர் கிராமம் பட்டசித்திர ஓவியத்திற்குப் பெயர் பெற்றது. கடலில் நீராடுவோரைக் காத்து நிற்கும் நுலியா மீனவர்களில் பெரும்பாலோர் ஆந்திரக் கரையிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தினர்.

வடகிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில் 13 ஆம் நூற்றாண்டின் கோனார்க் சூரியக் கோயில் உள்ளது. 1984 இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. தென்மேற்கே உள்ள சிலிகா உப்பங்கழி, குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளின் புகலிடம். வண்டல் படிந்து நலிந்த இவ்வேரியைக் கடலுடன் இணைக்க 2000 ஆம் ஆண்டில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. உவர்ப்புத் தன்மை மீண்டது. மீன் வளமும் பெருகியது. முறையான திட்டமிடலால் சீர்கெட்ட இயற்கை வளத்தையும் மீட்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

நீரும் மணலும்

பூரி மணல்மேல் அமைந்த நகரம். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு படலமாகத் தங்குகிறது. நெடுங்காலம் நகரின் குடிநீர்த் தேவையை நிறைவு செய்தது இந்நீரே. அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் மேலேறும். மணல்வெளியில் கட்டடங்கள் பெருகினால் நீர் இறங்க இடமில்லாமற்போகும். கழிவுநீர் கசிந்தால் நிலத்தடி நீர் மாசடையும். விடுதிகளின் பெருக்கம் இம்மூன்று அபாயங்களையும் மிகுவிக்கிறது. 2021 ஜூலையில் நகர் முழுவதும் குழாய் நீரை நேரடியாகப் பருகும் திட்டம் தொடங்கப்பட்டது. இது பெரும் முன்னேற்றமே. எனினும் மணற்பரப்பைக் காக்கும் கடமை இதனால் குறைந்துவிடவில்லை.

2019 மே 3 இல் பூரிக்கு அருகே கரை கடந்த ஃபனி புயல் மற்றொரு பாடத்தைப் புகட்டியது. முன்னெச்சரிக்கையாக மாநிலத்தில் 10 லட்சத்திற்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டதால் உயிரிழப்பு பெரிதும் குறைந்தது. ஆனால் வீடுகளும் மின்கம்பங்களும் கரையோரச் சவுக்குத் தோப்புகளும் பெருஞ்சேதமடைந்தன. காற்றின் வேகத்தைத் தணிக்கும் அத்தோப்புகள் மீண்டும் வளர ஆண்டுகள் பல ஆகும்.

முடிவுரை

சுற்றுலா வருமானத்தை மதிப்பிடுகையில் விடுதி அறைகளின் எண்ணிக்கையை மட்டும் கணக்கிடுதல் போதாது. மணல், நன்னீர், தோப்பு, உப்பங்கழி, கைவினைத்திறன் ஆகியவை இந்நகரின் முதலீடு. இவற்றுள் எதுவும் தனியொருவருக்கு உரியதன்று. ஆகவே தாமாகவே பேணப்படும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. கட்டட அனுமதி, நிலத்தடி நீர்க் கட்டுப்பாடு, கழிவுநீர் அகற்றல் ஆகியவற்றில் நகராட்சியும் மாநில அரசும் உறுதி காட்டினால்தான் முதலுக்கே மோசம் வராமல் வருமானம் நிலைக்கும்.