அபூர்வ பிராணிகளைப் பிடிப்பது எப்படி?

"ஒரே ஒரு தடவைதான்" என்று சொன்னால் நம்மில் அநேகர் அதைக் காதிலே போட்டுக்கொள்ளுகிறதில்லை. "இன்னொரு தடவை வராமலா போகும், பார்த்துக்கலாம்" என்று அசட்டையாய் இருந்துவிடுகிறோம். இந்தப் பாடத்தில் நாம் தியானிக்கப்போகிறது ஒரு விளையாட்டைப் பற்றித்தான். ஆனாலும் அதற்குள்ளே நான்கு பிராணிகள் இருக்கின்றன. அவை ஒரே தரம்தான் கண்ணுக்குத் தென்படும். தவறவிட்டால் போனது போனதுதான்.

ஜப்பான் தேசத்தில் 1996-ம் வருஷம் பிப்ரவரி 27-ம் தேதி நின்டெண்டோ கம்பெனியின் கேம் பாய் என்னும் சிறிய கருவிக்காக போகிமான் விளையாட்டு வெளியானது. அமெரிக்காவுக்கு 1998 செப்டம்பரில் சிவப்பு, நீலம் என்று இரண்டு பெயர்களில் வந்தது. இதை உண்டாக்கியவர் சதோஷி தஜிரி. இவர் டோக்கியோவுக்கு அருகிலுள்ள மச்சிதா என்ற ஊரில் சிறுவனாய் இருந்தபோது வயலிலும் குளத்தங்கரையிலும் பூச்சி பிடித்துக்கொண்டு திரிந்தவர். பிறகு அந்த வயல்களெல்லாம் வீடும் கட்டடமுமாய் மாறிப்போயின. பூச்சி பிடித்த அந்த சந்தோஷத்தை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்கவேண்டும் என்கிற வாஞ்சையிலே பிறந்தது இந்த விளையாட்டு. ஆகையால் இதன் மையமே பிடிப்பதுதான். மொத்தம் 151 பிராணிகள்.

இவற்றில் பெரும்பாலானவை புல்லுக்குள்ளே நடந்தால் தானாய் வந்து எதிர்ப்படும். இன்று தப்பினால் நாளைக்கு வரும். ஆனால் மூன்று பறவைகளும் மியூடூ என்கிற ஒன்றும் அப்படியல்ல. பறவைகளின் பெயரைக் கவனித்தீர்களா? ஆர்ட்டிகுனோ, ஜாப்டோஸ், மோல்ட்ரஸ். ஸ்பானிஷ் பாஷையில் ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்கு உனோ, தோஸ், த்ரெஸ் என்பார்கள். பெயரின் வாலிலேயே எண்ணை ஒட்டிவைத்திருக்கிறார்கள்! எனக்கு இது வெகுநாள் தெரியாது.

முதலாவது, இவை எங்கே இருக்கின்றன?

ஜாப்டோஸ் பாழடைந்த மின்சார நிலையத்தில் இருக்கிறது. பத்தாம் சாலையில் தண்ணீரின்மேல் நீந்திப்போனால் அதன் வாசல் வரும். உள்ளே தரையில் பொருட்கள் கிடப்பதுபோல் உருண்டை உருண்டையாய்த் தெரியும். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் எடுக்கப் போகாதிருங்கள். அவற்றில் சில பொருளே அல்ல, வோல்டார்ப் என்னும் பிராணி அந்த உருவத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆர்ட்டிகுனோவோ சீஃபோம் தீவுகளின் அடித்தளத்தில் இருக்கிறது. அங்கே நீரோட்டம் உங்களை அடித்துக்கொண்டு போய்விடும். மேல்தளங்களில் உள்ள பாறைகளைத் தள்ளி ஓட்டை வழியாய்க் கீழே விழப்பண்ணினால்தான் ஓட்டம் நிற்கும். மோல்ட்ரஸ் விக்டரி ரோடு என்னும் குகையில், கடைசிப் போட்டிக்குப் போகிற வழியிலேயே நிற்கிறது. இந்த மூன்றும் 50-ம் நிலை. 70-ம் நிலையிலுள்ள மியூடூ செருலியன் குகையின் அடியிலே இருக்கிறது. கடைசி நான்கு பேரையும் அவர்களுக்குப்பின் சாம்பியனையும் ஜெயிக்கிறவரைக்கும் குகைவாசலில் நிற்கிற மனுஷன் உங்களை உள்ளே விடமாட்டான்.

இடத்தைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமல்ல. பறவை கண்ணெதிரே நிற்கும். நீங்கள் போய் பட்டனை அழுத்துகிறவரைக்கும் அசையாது. பிரச்சினை அதற்குப்பிறகுதான்.

நான் செய்த பிழையைச் சொல்லுகிறேன். ஜாப்டோஸ் முன்னால் போய் நின்றேன். கையில் பந்துகள் நிறைய இருந்தன. பிராணியை நன்றாய் அடித்து பலவீனப்படுத்தினால்தான் பந்துக்குள் அடங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அடித்தேன். இன்னும் கொஞ்சம் அடித்தேன். "இன்னும் ஒரே அடி, பிறகு பந்து போடலாம்" என்று அடித்த அடியில் பறவை மயங்கி விழுந்தது. அதோடே மறைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காள் மகன், "மாமா, சேவ் பண்ணீங்களா?" என்றான். எங்கே பண்ணினேன்! கடைசியாய்ப் பதிவு செய்து இரண்டு மணிநேரம் ஆகியிருந்தது. சரி, இரண்டு மணிநேரம்தானே, கருவியை அணைத்துவிட்டுப் பழைய இடத்திலிருந்தே ஆரம்பித்திருக்கலாம் அல்லவா? அதற்கும் புத்தி வரவில்லை. பதற்றத்தில் அவசரம் அவசரமாய் அப்போதே பதிவு செய்துவிட்டேன். இந்த விளையாட்டில் ஒரே ஒரு பதிவுதான் உண்டு. பழையது அழிந்தது. அந்தப் பதிவில் ஜாப்டோஸ் இனி எந்நாளும் இல்லை.

ஆகையால் முதல் வேலை: பறவைக்கு முன்பாக ஓரடி தள்ளி நின்று பதிவு செய்யுங்கள். விழுந்தாலோ, பந்து தீர்ந்தாலோ, பதிவு செய்யாமல் கருவியை அணைத்துவிட்டு மறுபடி வாருங்கள். இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களோடு ஆறு பிராணிகள் இருந்து, கம்ப்யூட்டரிலுள்ள பெட்டியிலும் 20 நிரம்பியிருந்தால் பந்தை எறியவே முடியாது. பெட்டி தானாய் மாறாது. நாமே போய் மாற்றவேண்டும். குகையின் ஆழத்தில் நின்றுகொண்டு அதை நினைத்து என்ன பிரயோஜனம்?

இரண்டாவது, அடிப்பதா, தூங்கவைப்பதா?

இந்த இடத்தை நிதானமாய் வாசியுங்கள். அநேகர் விருதாவாய்ப் பிரயாசப்படுவது இங்கேதான்.

பந்தை எறியும்போது உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? அந்தக் கருவி மனதுக்குள் ஒரு எண்ணை நினைக்கிறது. சாதாரணப் பந்தானால் 0 முதல் 255 வரை ஒன்று. கிரேட் பால் ஆனால் 0 முதல் 200 வரை. அல்ட்ரா பால் ஆனால் 0 முதல் 150 வரை. ஒவ்வொரு பிராணிக்கும் பிடிபடும் எண் ஒன்று உண்டு. எளிதில் பிடிபடுகிற பிராணிக்கு அது 255. நம்முடைய மூன்று பறவைகளுக்கும் மியூடூவுக்கும் அது வெறும் 3. கருவி நினைத்த எண் 3-க்கு மேலே போனால் பந்து உடைந்ததுபோலத்தான். 3-க்கு உள்ளே வந்தாலும் போதாது, அதன்பின் பிராணியின் பலத்தைப் பார்த்து இன்னொரு சோதனையும் உண்டு.

இப்போது கணக்கைப் பாருங்கள். முழு பலத்தோடு விழித்திருக்கிற ஜாப்டோஸின்மேல் 100 அல்ட்ரா பால் எறிந்தால் ஒன்றுகூட நிச்சயமில்லை. அதை அடி அடியென்று அடித்து மூன்றில் ஒரு பங்கு பலத்துக்குக் கொண்டுவந்தால் 100-க்கு இரண்டரை. அதற்கும் கீழே எவ்வளவு அடித்தாலும் அல்ட்ரா பாலுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை! மூன்றில் ஒன்றோடே அந்தச் சோதனை முழுவதும் தீர்ந்துபோகிறது. நான் "இன்னும் ஒரே அடி" என்று அடித்தேனே, அந்த அடியினால் எனக்கு லாபம் ஒன்றும் இல்லை, நஷ்டம் மாத்திரமே.

ஆனால் பறவை தூங்கிக்கொண்டிருந்தால் கதையே வேறு. தூக்கத்துக்கும் உறைந்துபோவதற்கும் கருவி 25 எண்களைத் தள்ளுபடி கொடுக்கிறது. அதாவது நினைத்த எண் 0 முதல் 24-க்குள் இருந்தால் பலத்தையும் பார்ப்பதில்லை, பிடிபடும் எண்ணையும் பார்ப்பதில்லை, உடனே பிடிபட்டது! முழு பலத்தோடு தூங்குகிற ஜாப்டோஸுக்கு 100-க்கு 17. அடித்துப் பலவீனப்படுத்தித் தூங்கவைத்தால் 19. வித்தியாசம் எவ்வளவு? இரண்டே இரண்டு. இதற்காகவா அந்த ஆபத்து? பக்கவாதம், தீக்காயம், விஷம் இவற்றுக்கு 12 எண்கள்தான் தள்ளுபடி; பலவீனப்பட்ட பறவைக்கு 100-க்கு பத்து சொச்சம் வரும்.

20 பந்துகளாகச் சேர்த்து நினையுங்கள். விழித்திருக்கிற, பலவீனப்பட்ட பறவைமேல் 20 அல்ட்ரா பால் எறிந்தால் 100 பேரில் சுமார் 42 பேருக்குத்தான் கிடைக்கும். தூங்குகிற பறவைமேல் எறிந்தால் அடிக்காமலே 97, 98 பேருக்குக் கிடைத்துவிடும். ஒரு அல்ட்ரா பால் விலை 1,200. இருபது வாங்க 24,000 ஆகும். கடைசிப் போட்டியை நெருங்குகிற வேளையில் அந்தப் பணம் சேர்ந்திருக்கும். ஃபியூஷியா பட்டணத்துக் கடையிலேயே விற்கிறார்கள்.

எதை வைத்துத் தூங்கவைப்பது? ஆரம்பத்திலேயே மூன் மலைக் குகையில் பாரஸ் என்று ஒரு பூச்சி, முதுகில் காளானோடே ஊர்ந்துகொண்டிருக்கும். "சீ, இது எதுக்கு"ன்னு எல்லாரும் தள்ளிவிட்டுப் போவார்கள். அது 27-ம் நிலையில் ஸ்போர் என்னும் வித்தையைக் கற்றுக்கொள்ளும். எதிரியைத் தூங்கவைக்கிற வித்தைகளிலே கிட்டத்தட்ட ஒருபோதும் குறி தப்பாதது இது ஒன்றுதான். ஹிப்னாசிஸ் 100-க்கு 60 தடவைதான் படும். ஸ்லீப் பவுடர் 75.

ஆனால் ஒரு எச்சரிப்பு. பாரஸும் அது வளர்ந்து ஆகிற பாரசெக்டும் மகா மெதுவானவை. பறவைகளின் கொத்தும் மோல்ட்ரஸின் நெருப்பும் இவைமேல் நாலு மடங்காய் விழும். ஜாப்டோஸின் ஒரே கொத்தில் பாரசெக்ட் சாய்ந்துவிடலாம். ஆகையால் லாவண்டர் ஊர்க் கோபுரத்தில் கிடைக்கிற ஹான்ட்டர் போல வேகமுள்ள ஒன்றையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஹிப்னாசிஸ் தப்பினாலும் அடுத்த முறை போட உயிரோடிருக்கும். தூக்கம் அதிகபட்சம் ஏழு முறை வரைக்கும்தான், சிலவேளை ஒரே முறையில் விழித்துவிடும். விழித்தால் மறுபடி தூங்கவையுங்கள், அதன்பின் பந்து. இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம்.

மாஸ்டர் பாலைப்பற்றி ஒரு வார்த்தை. சில்ஃப் கம்பெனி கட்டடத்தில் ஜியோவானியை ஜெயித்தபின் அதன் தலைவர் ஒன்றே ஒன்று கொடுப்பார். எதையும் தவறாமல் பிடிக்கும். பெரும்பாலோர் அதை மியூடூவுக்கென்று எடுத்துவைக்கிறார்கள். அது ரெக்கவர் என்னும் வித்தையினால் அடித்த பலத்தையெல்லாம் மறுபடி ஏற்றிக்கொள்ளும். அப்படிச் செய்வது நல்லதே. ஆனாலும் மேலே சொன்ன கணக்கு மியூடூவுக்கும் அப்படியே பொருந்தும் என்பதை மறக்கவேண்டாம்.

வதந்திகளுக்கு எச்சரிக்கையாயிருங்கள்

பந்து ஆடும்போது பி பட்டனையும் கீழ்ப்பட்டனையும் சேர்த்து அழுத்தினால் பிடிபடும் என்று பல தேசத்துப் பிள்ளைகளும் நம்பினார்கள். விரல் வலித்ததுதான் மிச்சம்; பந்து கையை விட்ட நிமிஷத்திலேயே முடிவு தீர்மானமாகிவிடுகிறது.

151-வது பிராணியாகிய மியூவைக் குறித்த வதந்தி இன்னும் பெரிது. வெர்மிலியன் துறைமுகத்தில் கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு லாரி நிற்கிறது. அதைத் தள்ளினால் அடியில் மியூ இருக்கும் என்றார்கள். லாரி நிற்பது மெய். அதற்கடியில் எதுவும் இல்லை. 2004-ல் இதே விளையாட்டைப் புதுப்பித்து வெளியிட்டபோது, அந்த லாரிக்குப் பக்கத்தில் ஒரு தின்பண்டத்தை ஒளித்துவைத்திருந்தார்கள். பிள்ளைகள் வந்து தேடுவார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள்! மியூவை முடிவு வேளையில் சேர்த்தவர் ஷிகேகி மொரிமோட்டோ; சோதனைக்கான பகுதியை எடுத்தபின் மிஞ்சிய சின்ன இடத்தில் அதை வைத்தார். 1996-ல் ஜப்பானில் கொரோகொரோ பத்திரிகை 20 பேருக்கு மாத்திரம் மியூ தருவதாக அறிவித்தபோது எழுதிப்போட்டவர்கள் 78,000-க்கு மேல்.

சுற்றித் திரிகிறவை

1999-ல் ஜப்பானில் வந்த தங்கம், வெள்ளி விளையாட்டுகளில் காரியம் இன்னும் கடினம். எக்ருடீக் ஊரில் எரிந்துபோன கோபுரத்தின் அடித்தளத்துக்கு நீங்கள் இறங்கினவுடனே ரைகூ, என்டெய், சுய்கூன் என்ற மூன்றும் ஓடிவிடும். அதன்பின் சாலை சாலையாய் அலையும். எதிர்ப்பட்டாலும் முதல் சந்தர்ப்பத்திலேயே ஓட்டம் பிடிக்கும். ஒருதரம் பார்த்துவிட்டால் போகிடெக்ஸ் குறிப்பேட்டில் அது எந்தச் சாலையில் இருக்கிறதென்று தெரியும். பறந்து பறந்து துரத்தாதிருங்கள். நீங்கள் பறக்கிறபோதெல்லாம் அவையும் இடம் மாறும். இரண்டு சாலைகள் சேருகிற இடத்தில் முன்னும் பின்னும் நடங்கள். அவை 40-ம் நிலை. உங்கள் முதல் பிராணி 40-ம் நிலையில் இருக்க, ரெப்பெல் தெளித்துக்கொண்டால் சில்லறைப் பிராணிகள் விலகிப்போகும், இவை விலகா. மீன் லுக் என்னும் வித்தை ஓட்டத்தைத் தடுக்கும். ஆனால் மூன்றுக்கும் ரோர் தெரியும், அதைப் போட்டால் சண்டையே முடிந்துவிடும். ஒரு ஆறுதல் உண்டு: நீங்கள் கொடுத்த அடி அடுத்த சந்திப்பிலும் அப்படியே இருக்கும். எட்டு பதக்கங்கள் முடிந்தபின் எல்ம் பேராசிரியர் தருகிற மாஸ்டர் பாலை இங்கே செலவழித்தால் நான் குற்றம் சொல்லமாட்டேன்.

இந்தப் பழைய கேசட்டுகளை இன்னும் வைத்திருக்கிறவர்கள் ஒரு காரியத்தைக் கவனிக்கவேண்டும். பதிவு நிற்பது உள்ளே இருக்கிற பட்டன் பேட்டரியின் பலத்தில்தான். அது தீர்ந்தால் பறவைகள், மியூடூ, எல்லாம் அழிந்துபோகும். பேட்டரியைக் கழற்றினாலும் அப்படியே. மாற்றக் கொடுக்கிறவர்கள், பதிவை முதலாவது வேறிடத்தில் எடுத்துவைத்துத் தருவீர்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். என் கேசட்டை நான் கேட்காமலே கொடுத்தேன். ஜாப்டோஸ் இல்லாத அந்தப் பதிவும் போயிற்று. அக்காள் மகன் மாத்திரம் சிரித்தான்: "நல்லதாப் போச்சு மாமா, இப்ப முதல்லேருந்து ஆடலாம், ஜாப்டோஸ் அங்கேயே நிக்கும்."