சிபில் ஸ்கோரே இல்லையா?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தேன். கொரோனா காலத்தில் நொடித்துப்போய், வங்கிக் கடனைப் பேசி முடித்தேன். அதன்பின் கடனே வாங்கவில்லை. இப்போது ஸ்கோரே இல்லை என்கிறார்கள். மீள முடியுமா?
— வாசகர், முகப்பேர் மேற்கு

பதில்: முடியும். மஞ்சள் நோட்டீஸ் கொடுக்காமல் வங்கியோடு பேசி முடித்தது நல்லது. ஆனால் அந்தக் கணக்கு உங்கள் கடன் அறிக்கையில் 'முழுதாக அடைத்தது' என்று இருக்காது, 'செட்டில்டு' என்றே இருக்கும். கடன் கொடுப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும். வங்கி தள்ளுபடி செய்த தொகையை இப்போது கட்ட முடிந்தால் கட்டுங்கள். நிலுவையில்லாச் சான்றிதழ் வாங்கி, 'குளோஸ்டு' என்று மாற்றச் சொல்லுங்கள்.

ஸ்கோர் காணாமல் போனதற்குக் காரணம் வேறு. சில ஆண்டுகள் கடன் நடமாட்டமே இல்லாவிட்டால், 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணைக் கணக்கிட எதுவும் மிஞ்சாது. கடன் வாங்காத ஒழுக்கத்துக்கு இப்படியொரு பலனா என்று எனக்கும் வருத்தம்தான்.

வங்கியில் ஒரு சிறு வைப்புத்தொகை போட்டு, அதன்பேரில் கிரெடிட் கார்டு கேளுங்கள். பெரும்பாலும் வருமானச் சான்று கேட்கமாட்டார்கள். மளிகை, பெட்ரோல் என்று வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவழித்து, கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். ஒரே நேரத்தில் நாலு வங்கியில் விண்ணப்பிக்காதீர்கள்.

சிபில் உள்ளிட்ட 4 கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். பிழை இருந்தால் புகார் செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் மட்டும் போகவே போகாதீர்கள்.