முன்வார்ப்புச் சுவர்களும் பூமியதிர்ச்சியும்

தொழிற்சாலையில் வார்த்த கொங்கிறீற்றுச் சுவர்ப்பாளங்களைப் பாரந்தூக்கியால் ஏற்றி, ஒன்றன்மேலொன்றாகப் பொருத்திப் பன்மாடிக் கட்டிடங்களை எழுப்பும் முறை உலகிற் பல நாடுகளிற் பரவியுளது. விரைவும் சிக்கனமும் அதன் சிறப்புக்கள். ஆயின், பூமியதிருங்கால் இத்தகைய கட்டிடம் நிலைக்குமோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நிலம் பக்கவாட்டில் அசையும்பொழுது, கட்டிடத்தின் திணிவு இருந்த இடத்திலேயே நிற்க முயல்கின்றது. இதனால் ஒவ்வொரு தளத்திலும் எழும் கிடைவிசை சுவர்களின் வழியே அத்திவாரத்தை அடைதல் வேண்டும். பாளங்களாலாய சுவரில் அவ்விசை பொருத்துக்கள் பலவற்றைக் கடக்கின்றது. பொருத்து நலிவுற்றதாயின், கிடைப்பொருத்து வழுக்கும். நிலைக்குத்துப் பொருத்துப் பிளக்கும். ஆதலால், பாளங்களின் ஓரத்தில் நீட்டிவிட்ட கம்பி வளையங்களை ஒன்றோடொன்று கோத்து, இடைவெளியைப் புதுக் கொங்கிறீற்றால் நிரப்புவர்.

1988ஆம் ஆண்டு திசெம்பர் 7ஆம் நாள் ஆமேனியாவின் வடபாகம் அதிர்ந்தது. ஏறத்தாழ 25,000 மக்கள் மாண்டனர். இன்று கியூம்றி எனப்படும் லெனினாக்கான் நகரில், முன்வார்ப்புத் தூண்களையும் வளைகளையும் இணைத்தெழுப்பிய ஒன்பது மாடிச் சட்டகக் கட்டிடங்களுட் பாதிக்கு மேற்பட்டவை இடிந்தன. முன்வார்ப்புச் சுவர்ப்பாளங்களாலாய மாடிவீடுகளோ வீழாது நின்றன. நகரின் கீழுள்ள தடித்த மென்மண் மெதுவான அசைவைப் பெருக்கிற்று; நெகிழ்வான சட்டகங்கள் அதனோடு ஒத்து ஆடின; அவற்றின் தளப்பலகைகளும் செவ்வனே பிணிக்கப்படவில்லை. சுவர் வீடுகளிலோ, இரு திசையிலும் நெருங்கி நின்ற விறைப்பான சுவர்கள் சுமையைப் பகிர்ந்து தாங்கின. ஆகவே, முன்வார்ப்பு என்பது தானே குற்றமன்று. அமைப்பும் பிணைப்புமே கட்டிடத்தின் விதியைத் தீர்மானிக்கின்றன.

1999இல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில், ஐந்து மாடி முன்வார்ப்புக் கட்டிடமொன்றை நூற்றுக்கு 60 அளவில் அமைத்துச் சோதித்தனர். இழுத்து இறுக்கிய உருக்குத் தண்டுகள் சுவரை அத்திவாரத்தோடு பிணித்தன. பெருவிசை தாக்கியபோது சுவரின் அடி சிறிது திறந்தது. விசை நீங்கியதும், தலையாட்டிப் பொம்மை போலச் சுவர் மீண்டும் நேராயிற்று. சுவர்களுக்கிடையே வைத்த வளைந்த உருக்குத் தகடுகள் நெளிந்து அதிர்வின் சத்தியை உண்டன. சுவருக்கு நேர்ந்த சேதம் சிறிதே.

பாளத்தைத் தொழிற்சாலையிற் சோதிக்கலாம். பொருத்தோ கட்டுமிடத்தில், மழையிலும் வெயிலிலும், தொழிலாளர் கையால் ஆவது. மூடியபின் அதன் குறையைக் காண்டல் அரிது. நாளை பொறியியலாளராகவிருக்கும் எம் மாணவர், பொருத்து மூடப்படுமுன் அதனைத் தம் கண்ணாற் பார்த்தல் வேண்டும். மேன்மாடியில் உறங்குவோரின் உயிர் அதனையே நம்பியிருக்கின்றது.