வானில் பறக்கும் முன் மண்ணில் போடும் கணக்கு

சென்ற ஆண்டு தேர்வுகள் நெருங்கிய சமயத்தில், பிளஸ் டூ மாணவி ஒருத்தி செய்தித்தாளிலிருந்து வெட்டிய விளம்பரம் ஒன்றை என்னிடம் கொண்டு வந்து காட்டினாள். "பன்னிரண்டே மாதங்களில் விமானி! வேலை நூற்றுக்கு நூறு உறுதி! இடங்கள் சிலவே! இம்மாத இறுதிக்குள் முழுத் தொகையும் செலுத்துவோருக்குச் சலுகை!" என்று அதில் பெரிய எழுத்துகளில் அச்சிட்டிருந்தார்கள்.

"டீச்சர், அப்பா வீட்டுப் பத்திரத்தை பாங்கில் வைத்துக் கட்டிவிடலாம் என்கிறார். கட்டலாமா டீச்சர்?" என்று கேட்டாள்.

அவள் கண்ணில் ஆசை இருந்தது. அந்தப் பத்திரத்திலோ அவள் பெற்றோர் இருபது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த வீடு இருந்தது. எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. "ஒரு வாரம் பொறு" என்றேன். அந்த வாரத்தில் படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றையே, அவளைப் போன்ற மற்ற மாணவியருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

ஆசை தவறன்று

பெண்ணுக்கு எதற்கு விமானம் என்று கேட்கும் காலம் போய்விட்டது. 1936 ஆம் ஆண்டிலேயே சரளா துக்ரால் என்னும் இந்தியப் பெண்மணி, தமது 21 ஆம் வயதில், சேலை உடுத்தி, ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியே ஓட்டி உரிமம் பெற்றார். பிரேம் மாத்தூர் என்பவரைப் பல நிறுவனங்கள் பெண் என்பதாலேயே ஏற்க மறுத்தன. கடைசியில் ஐதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் அவரை விமானியாகச் சேர்த்துக்கொண்டது. 1985 இல் காப்டன் சௌதாமினி தேஷ்முக் தலைமையில் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்கு முழுவதும் பெண்களே இயக்கிய விமானம் பறந்தது. ஆகவே ஆசை தவறன்று. அந்த ஆசையை விலை பேசுகிறவர்களை அடையாளம் காணாமல் இருப்பதே தவறு.

மூன்று வேறு பொருள்கள்

விமானி ஆவதில் பயிற்சி, உரிமம், வேலை என்று மூன்று படிகள் உண்டு. பயிற்சியைத் தருவது பறக்கும் பள்ளி. உரிமத்தைத் தருவது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். இதைச் சுருக்கமாக டி.ஜி.சி.ஏ. என்பார்கள். வேலையைத் தருவது விமான நிறுவனம். இம்மூவரும் வேறு வேறானவர்கள். நாம் கட்டும் பணம் முதற்படியை மட்டுமே வாங்கும். உரிமத்தைத் தேர்வாலும் திறமையாலுமே பெற வேண்டும். வேலையோ அன்றைய தேவையைப் பொறுத்தது. இந்த மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி ஒரே விலைக்கு விற்கிறோம் என்று சொல்லும் விளம்பரம் எதுவாயினும், அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

உரிமத்துக்கு வேண்டியவை

பயணிகள் விமானத்தில் ஊதியம் பெற்றுப் பறக்க வணிக விமானி உரிமம் வேண்டும். அதற்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் பௌதிகமும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. விதிகள் மாறக்கூடியவை. ஆகையால் டி.ஜி.சி.ஏ.யின் அறிவிப்பை நேரில் பார்ப்பதே முறை.

அடுத்தது உடற்பரிசோதனை. முதலில் இரண்டாம் வகுப்புப் பரிசோதனையும், பின்னர் அதைவிடக் கடுமையான முதல் வகுப்புப் பரிசோதனையும் நடைபெறும். கண்ணாடி அணிவது மட்டும் தடையாகாது. ஆனால் நிறங்களைப் பிரித்தறிய இயலாமை பெருந்தடையாகும். இலட்சக் கணக்கில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு பரிசோதனையில் தேறாமல் திரும்பியவர்கள் உண்டு. சில ஆயிரம் ரூபாயில் முடியும் பரிசோதனையை முதலில் செய்துகொண்டால் இந்தத் துயரம் நேராது.

வான்வழி கணித்தல், வானிலை, விமான விதிகள், விமானத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் பெற வேண்டும். வானொலித் தொடர்புக்குத் தனித் தேர்வு இருக்கிறது. இவற்றோடு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்துக்குத் தானே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் பயின்று வந்தாலும், அந்த உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற இங்குள்ள தேர்வுகளையும் எழுதித் தீர வேண்டும். "வெளிநாட்டுக்கு வந்தால் தேர்வு வேண்டாம்" என்று எவரேனும் சொன்னால் அது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிட ஆபத்தானது.

ஒரு பெருக்கல் கணக்கு

"பன்னிரண்டு மாதங்கள்" என்னும் வாக்குறுதியை ஆறாம் வகுப்புக் கணிதத்தைக் கொண்டே சோதிக்கலாம். ஒரு பள்ளியில் 60 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 200 மணி நேரம் என்றால் மொத்தம் 12,000 மணி நேரம் பறக்க வேண்டும். பள்ளியிடம் 6 விமானங்கள் உள்ளன. பழுது பார்ப்பில் நிற்பவை போக நாள்தோறும் 4 விமானங்கள் பறக்கின்றன. ஒவ்வொன்றும் நாளுக்கு 4 மணி நேரம் பறக்கிறது. மழை, மூடுபனி, பலத்த காற்று நாட்களைக் கழித்தால் ஆண்டில் 250 நாட்கள் கிடைக்கும். 4ஐ 4ஆல் பெருக்கி, அதை 250ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 4,000 மணி நேரம். ஆகவே 12,000 மணி நேரத்தை முடிக்க மூன்று ஆண்டுகள் ஆகும்! மீதி இரண்டு ஆண்டுகளுக்கு விடுதிச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் கடனுக்கு வட்டியையும் யார் கொடுப்பது? விளம்பரத்தில் அது இல்லை.

வட்டியையும் கணக்கிடுவோம். வணிக விமானி உரிமம் வரை செல்ல அரைக் கோடி ரூபாய் செலவாவது இன்று சாதாரணம். 50 இலட்சத்துக்கு 12 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 6 இலட்சம், அதாவது மாதம் 50,000 ரூபாய். இது வட்டி மட்டுமே. அசல் அப்படியே நிற்கும்.

முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டலாமா?

கூடாது என்பதற்கு அயல்நாட்டு நிகழ்ச்சிகளே சாட்சி. அமெரிக்காவில் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்னும் பெரிய பயிற்சி நிறுவனம் மாணவர்களிடம் ஏறத்தாழ 70,000 டாலர் வரை கடன் மூலம் முன்கூட்டியே வாங்கியது. 2008 பிப்ரவரியில் திடீரென்று கதவை மூடித் திவாலாயிற்று. மாணவர்களுக்குப் பயிற்சியும் முடியவில்லை, கடனும் தீரவில்லை. பிரிட்டனில் 2023 ஏப்ரலில் டண்டீ நகரின் டேசைட் ஏவியேஷன் பள்ளியும் இவ்வாறே நொடித்தது. அங்கும் முன்பணம் கட்டியவர்கள் தவித்தார்கள். இவை பெயரும் கட்டடமும் விமானங்களும் உள்ள நிறுவனங்கள்தாம். நல்ல பள்ளியும் நொடிக்கலாம். ஆகவே பறந்த மணிகளுக்கு ஏற்ப, தவணை தவணையாகக் கட்டுவதே பாதுகாப்பு. தேதி குறித்து அவசரப்படுத்தும் சலுகை, நம்மை யோசிக்க விடாமல் தடுப்பதற்காகவே தரப்படுகிறது.

"வேலை உறுதி" என்னும் சொல்

விமான நிறுவனங்களுக்கே உறுதி இல்லாத தொழில் இது. நம் நாட்டில் கிங்ஃபிஷர் 2012 இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 இலும், கோ ஃபர்ஸ்ட் 2023 இலும் பறப்பதை நிறுத்தின. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த காப்டன்களே வேலை இழந்து நின்றார்கள். நிலைமை இவ்வாறிருக்க, மூன்று ஆண்டுக்குப் பின் வரப்போகும் வேலையை இன்றே உறுதி செய்ய ஒரு பயிற்சிப் பள்ளியால் எப்படி முடியும்? விமான நிறுவனங்கள் தாமே நடத்தும் கேடட் திட்டங்கள் உண்டு. அவை தரும் கடிதத்திலும் "நிபந்தனைக்கு உட்பட்டு" என்னும் சொற்கள் இருக்கும். சிறிய எழுத்தில் உள்ளதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

உரிமம் பெற்ற பின்னும் செலவு முடிவதில்லை. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற குறிப்பிட்ட விமான வகைக்கு டைப் ரேட்டிங் என்னும் தனிப் பயிற்சி வேண்டும். பலர் அதையும் தம் பணத்திலேயே முடிக்கிறார்கள். இதற்கும் மேலே, பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமர்ந்து சில நூறு மணி நேரம் பறப்பதற்கே பணம் வாங்கும் முறை ஒன்றும் உலகில் உண்டு. வேலை செய்கிறவரே கூலி கொடுக்கும் விந்தை அது! மணிகள் முடிந்ததும் அவரை அனுப்பிவிட்டு, பணம் கட்டிய அடுத்தவரை அதே இருக்கையில் அமர்த்துவார்கள். ஐரோப்பாவின் விமானிகள் சங்கங்கள் இம்முறையை நெடுங்காலமாகக் கண்டித்து வருகின்றன.

குறுக்கு வழி

2011 ஆம் ஆண்டில் நம் நாட்டில் பொய் மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் பெற்ற விமானிகள் சிலர் கைது செய்யப்பட்டனர். பறக்காத மணிகளைப் பறந்ததாகப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்த செய்தியும் அப்போதுதான் வெளிவந்தது. பேனாவால் பறந்த மணிகள் புயலில் கை கொடுக்கா. பின்னால் அமர்ந்திருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் நம் பொறுப்பு. "மணிகளைச் சரிக்கட்டித் தருகிறோம்" என்று ஒருவர் சொன்னால், அவர் நம் பணத்தோடு நம் மனச்சாட்சியையும் கேட்கிறார்.

கேட்க வேண்டிய கேள்விகள்

பணம் கட்டும் முன் பெற்றோர் பின்வருவனவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்:

1. பள்ளிக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் உண்டா? அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியலில் நாமே பார்க்க வேண்டும். தரகர் அலுவலகம் பள்ளியாகாது.

2. பள்ளியின் தரவரிசை என்ன? 2025 அக்டோபரில் டி.ஜி.சி.ஏ. முதன்முறையாகப் பறக்கும் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிட்டது. அந்த முதற்பட்டியலில் மிக உயர்ந்த இரண்டு வகுப்புகளில் ஒரு பள்ளியும் இடம்பெறவில்லை.

3. இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் உள்ளன? எத்தனை ஆசிரியர்கள்? எத்தனை மாணவர்கள்?

4. சென்ற ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிமம் பெற்றார்கள்? எத்தனை மாதங்களில்?

5. பாதியில் நின்றால், அல்லது பள்ளியே நின்றால், மீதிப் பணம் எப்படித் திரும்பும்?

6. கட்டணத்தில் அடங்காதவை எவை?

பிறகு ஒரு நாள் அந்தப் பள்ளிக்கே நேரில் சென்று, அலுவலகத்தில் அமராமல், ஓடுதளத்து ஓரத்தில் காத்திருக்கும் மாணவர்களிடம் பேச வேண்டும். "கடைசியாக எப்போது பறந்தாய் தம்பி?" என்னும் ஒரு கேள்வி பல உண்மைகளைச் சொல்லிவிடும்.

முடிவாக

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று நம் ஆண்டவர் கேட்டதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். அவர் கோபுரம் கட்டாதே என்று சொல்லவில்லை. உட்கார்ந்து கணக்கிடு என்றுதான் சொன்னார். 1920 ஆம் ஆண்டு திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட், லொரேட்டோ மாதாவை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். அந்த அன்னை விவேகமுள்ள கன்னிகையும் அன்றோ!

அம்மாணவியின் தந்தை மேற்சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதி அந்த விளம்பரக்காரர்களுக்கு அனுப்பினார். தொலைபேசியில் இனிமையாகப் பேசினார்களே தவிர, எழுத்தில் ஒரு வரியும் வரவில்லை. மாத இறுதியும் கடந்தது. "இடங்கள் சிலவே" என்னும் அதே விளம்பரம் அடுத்த மாதமும் வெளிவந்தது.

வீட்டுப் பத்திரம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. மாணவி தன் ஆசையை விட்டுவிடவில்லை. உடற்பரிசோதனையில் தேறினாள். இப்போது பட்டப்படிப்பில் பௌதிகம் படித்துக்கொண்டே, உரிமத் தேர்வுகளுக்கும் தயார் செய்கிறாள். "டீச்சர், கொஞ்சம் தாமதமானாலும் நான் பறப்பேன்" என்று சென்ற மாதம் சொன்னாள். பறப்பாள் என்றே நானும் நம்புகிறேன்.