தங்கப் பல்லி

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலுக்குச் செல்வோர் அங்குள்ள தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்காமல் திரும்புவதில்லை. அரக்கோணத்தார் பலரும் தொட்டிருப்போம். ஆனால் உயிருள்ள தங்கப் பல்லி ஒன்று உண்டென்பதும், நம் ஊர் வழியாக இரயிலேறிச் செல்லும் திருப்பதி மலையிலேயே அது வாழ்கிறதென்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதனை அறிவியல் உலகுக்கு முதலில் அறிவித்தவர் கர்னல் பெடோம். சென்னை மாகாண வனத்துறையில் உயர்பதவி வகித்தவர். தாவரவியலில் வல்லவராயினும் பாம்பு, தவளை, பல்லி எதையும் விட்டுவைக்காதவர். திருப்பதி மலையில் கிடைத்த இப்பல்லியை 1870இல் அவர் விவரித்தார். அந்நாளில் திருப்பதி வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல்தான் சித்தூர் மாவட்டம் பிரிந்தது. ஆகவே இதனை நம் மாவட்டத்துப் பல்லி என்று உரிமை கொண்டாடினால் தவறில்லை! இதன் அறிவியற் பெயர் கலோடாக்டைலோடஸ் ஆரியஸ். அகன்று விரிந்த விரல் நுனிகளின் அழகும் உடலின் பொன்னிறமும் அப்பெயரில் அடங்கியுள்ளன.

பின்னர் நெடுங்காலம் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல், பாரத் பூஷண், ஏ. ஜி. சேகர் ஆகியோர் கிழக்குத் தொடர்ச்சி மலையில் இதனை மீண்டும் கண்டறிந்து 1986இல் எழுதினர். அற்றுப்போனதாகக் கருதப்பட்ட ஜெர்டான் கல்குருவி கடப்பைப் பகுதியில் மீண்டும் அகப்பட்டதும் அதே ஆண்டில்தான். பிறகு ஆந்திரத்தின் வடபகுதியிலும் ஒடிசாவிலும் நம் வேலூர்ப் பகுதியிலும்கூடத் தங்கப் பல்லி பதிவாயிற்று. இதன் நெருங்கிய உறவினமொன்று இலங்கையில் உண்டு. தெரணியகல 1953இல் அதனை விவரித்தார்.

இத்தனை காலம் இது கண்ணுக்குத் தப்பியது எப்படி? வீட்டுப் பல்லி டியூப்லைட் வெளிச்சத்துக்கு வந்து பூச்சி பிடிக்கும். இதுவோ நிழலும் ஈரமும் உள்ள பெரும் பாறைகளின் இடுக்கில் பகலெல்லாம் ஒடுங்கி, இரவில் வெளிப்படுவது. பொன்னிறம் ஆணுக்கே உரியது. பெண் பழுப்பு நிறம். (பெயரைக் கேட்டுத் தேடப் போகிறவர் பெண்ணைக் கண்டால் ஏமாந்து திரும்புவார்.) ஆணின் குரல் உரத்தது. தெலுங்கர் இதனைப் 'பங்காரு பல்லி' என்பர்.

வியப்புக்குரியது இது முட்டையிடும் முறை. பல பெண் பல்லிகள் ஒரே பாறையின் உட்புறத்தைத் தேர்ந்து முட்டைகளைக் கல்லோடு கல்லாக ஒட்டிவைக்கின்றன. குஞ்சு வெளிவந்த பின்னும் ஓட்டின் வெண்தழும்பு பாறையில் நெடுநாள் நிற்கும். எனவே ஒரு பாறை போனால் ஒரு பல்லி போவதில்லை. ஒரு கூட்டத்தின் பிரசவ அறையே போய்விடுகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பல்லியைத் தன் முதல் அட்டவணையில் சேர்த்தது. சேஷாசலக் காடுகள் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாயின. அங்கே கவலை குறைவு. காப்புக்காட்டுக்கு வெளியே நிற்கும் குன்றுகளின் கதை வேறு. கல்குவாரிக்கு வெடி வைப்பவனுக்கு அது சல்லிக்கல். இடுக்கில் இருப்பது அவன் கண்ணிற் படுவதேயில்லை.

விடுமுறையில் நம் பக்கத்து மலைகளில் ஏறும் விலங்கியல் மாணவர் பல்லியைத் துரத்த வேண்டியதில்லை. கவிந்த பாறைகளின் அடியில் நாணயமளவு வட்டத் தழும்புகள் கூட்டமாக உள்ளனவா என்று டார்ச் அடித்துப் பார்த்து, முட்டை எதையும் பெயர்க்காமல், இடத்தைக் குறித்துவந்து வனச்சரக அலுவலகத்தில் சொன்னால் போதும்.